உங்கள் ஏஜென்ட் யாருடைய ஏஜென்ட்? அமெரிக்காவில் வீடு வாங்குவோர் கையெழுத்துக்கு முன் அறிய வேண்டியவை

அமெரிக்காவில் ஒரு வீட்டை இணையத்தில் பார்த்துப் பிடித்துப்போய், "நேரில் காட்ட முடியுமா?" என்று ஓர் ஏஜென்டைக் கேட்கிறீர்கள். பதிலுக்கு ஏழெட்டுப் பக்க ஒப்பந்தம் ஒன்று மின்னஞ்சலில் வந்து நிற்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டைத் திறந்து காட்ட முடியும் என்கிறார். சில வருடங்களுக்கு முன்பு வீடு வாங்கிய நண்பரைக் கேட்டால், "எங்ககிட்ட அப்படி எதுவும் கேட்கலையே, ஏஜென்டுக்கு நாங்க ஒரு காசு கொடுக்கலை" என்பார். இரண்டு பேர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். 2024 ஆகஸ்ட் 17 அன்று விதி மாறியது.

கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை விட முக்கியமான கேள்வி ஒன்று அந்தத் தாளுக்குள் இருக்கிறது. டூயல் ஏஜென்சி, டெசிக்னேட்டட் ஏஜென்ட், டிரான்சாக்‌ஷன் புரோக்கர், எக்ஸ்க்ளூசிவ் பையர் ஏஜென்சி என்று வரிசையாகச் சொற்கள் வரும். மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். ஒரே பெயருக்கு இரண்டு மாநிலங்களில் இரண்டு பொருள் இருப்பதும் உண்டு. ஆனால் எல்லாமே ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்தான்: வீடு காட்ட உங்களைக் காரில் கூட்டிப்போகிற அந்த மனிதர், சட்டப்படி யாருக்காக வேலை செய்கிறார்?

## முதலில் சில சொற்கள்

பேச்சில் எல்லோரையும் ஏஜென்ட் என்கிறோம். சட்டத்தில் இரண்டு படிகள் உண்டு. புரோக்கர் என்பவர் கூடுதல் தகுதி பெற்று, சொந்தமாகத் தொழில் நடத்த உரிமம் உள்ளவர். நாம் சந்திக்கிற ஏஜென்ட் பெரும்பாலும் ஒரு புரோக்கரின் கீழ் உரிமம் வைத்துக்கொண்டு வேலை செய்பவர். நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தமும் அந்த ஏஜென்டோடு போடப்படுவதில்லை, அவருடைய புரோக்கரேஜ் நிறுவனத்தோடு போடப்படுகிறது. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டூயல் ஏஜென்சி என்ற சிக்கல் முழுக்க இதிலிருந்துதான் பிறக்கிறது.

ரியல்ட்டர் என்பது தொழிலின் பெயர் இல்லை. நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்ட்டர்ஸ் என்ற சங்கத்தின் உறுப்பினர்களுக்கான வணிக முத்திரைப் பெயர் அது. உரிமம் பெற்ற ஏஜென்டுகள் எல்லோரும் ரியல்ட்டர்கள் அல்ல.

எம்.எல்.எஸ். என்பது ஒரு வட்டாரத்தின் புரோக்கர்கள் விற்பனைக்கு வந்த வீடுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தளம். இணையத் தளங்களில் நாம் பார்க்கும் லிஸ்டிங்குகளில், அதாவது வீட்டு விற்பனை அறிவிப்புகளில், பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

கடைசியாக, கிளையன்ட், கஸ்டமர் என்ற இரண்டு சொற்கள். காதுக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் இடையில் பெரிய பள்ளம். நீங்கள் கிளையன்ட் என்றால் ஏஜென்ட் உங்கள் ஆள். கஸ்டமர் என்றால், அவர் உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்கிற, பொய் சொல்லக் கூடாத, ஆனால் எதிர்த்தரப்பின் ஆள்.

கிளையன்டுக்கு ஏஜென்ட் கட்டுப்பட்ட கடமைகளை வழக்கமாக ஆறாகச் சொல்வார்கள்: சட்டத்துக்கு உட்பட்டுச் சொன்னபடி நடப்பது, விசுவாசம், தெரிந்ததை மறைக்காமல் சொல்வது, ரகசியம் காப்பது, பணத்துக்குக் கணக்குக் காட்டுவது, திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்வது. கஸ்டமருக்கு இதில் பாதிகூடக் கிடையாது. நேர்மையும், வீட்டில் தனக்குத் தெரிந்த பெரிய குறைகளைச் சொல்வதும் உண்டு. கூரை ஒழுகுவது தெரிந்தும் மூடி மறைப்பதை யாருடைய ஏஜென்டாக இருந்தாலும் பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் ஏற்பதில்லை. ஆனால் "இந்த விலை அதிகம், குறைத்துக் கேளுங்கள்" என்று கஸ்டமரிடம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. சொன்னால் அது தன் கிளையன்டான விற்பவருக்குச் செய்யும் துரோகம்.

## ஒரு எண்ணை வைத்துச் சோதிப்போம்

வகைகளை மனப்பாடம் செய்வதை விட எளிதான வழி ஒன்று உண்டு. வீட்டின் பட்டியல் விலை 4,75,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 4,60,000 கேட்கலாம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் வீடு மிகவும் பிடித்துவிட்டது, வங்கியும் முன் அனுமதி கொடுத்துவிட்டது. மனதுக்குள் 4,90,000 வரை போகத் தயார். திரும்பி வரும் வழியில் காரில் பேச்சுவாக்கில் ஏஜென்டிடம் அதைச் சொல்லிவிடுகிறீர்கள்.

இந்த 4,90,000 என்ற எண் அடுத்து எங்கே போகும்? இந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு வகையிடமும் கேட்டால் வித்தியாசம் தானாகத் தெரிந்துவிடும்.

## பழைய கதை கொஞ்சம்

1990களின் தொடக்கம் வரை அமெரிக்காவின் பெரும்பகுதியில் வாங்குபவருக்கு என்று ஏஜென்டே கிடையாது. வாரக்கணக்கில் உங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியவர், உங்கள் குழந்தைகளின் பெயர் வரை தெரிந்தவர், சட்டப்படி விற்பவரின் துணை ஏஜென்ட். இதை சப்ஏஜென்சி என்பார்கள். எம்.எல்.எஸ்.சில் ஒரு வீட்டைப் பட்டியலிட்டாலே, அதை விற்க உதவும் மற்ற புரோக்கர்கள் எல்லோரும் விற்பவருக்குக் கீழ்ப்பட்டவர்களாகக் கருதப்பட்டார்கள்.

அப்போது காரில் நீங்கள் சொன்ன 4,90,000 என்ன ஆகும்? அதை விற்பவருக்குத் தெரிவிப்பது அவருடைய கடமை. தெரிவிக்காமல் விட்டால்தான் தவறு.

வாங்கியவர்களுக்கு இது தெரியுமா? அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1983இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், இப்படித் துணை ஏஜென்டோடு போன வாங்குநர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அவர் தங்களுடைய ஏஜென்ட் என்றே நம்பியிருந்தார்கள் என்று வந்தது. அந்த அறிக்கைக்குப் பிறகுதான், ஏஜென்ட் தான் யாருக்கு வேலை செய்கிறார் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற சட்டங்கள் மாநிலம் மாநிலமாக வந்தன. 1990களின் தொடக்கத்தில் எம்.எல்.எஸ்.சும் சப்ஏஜென்சியைக் கட்டாயமாக்குவதைக் கைவிட்டது. பையர்ஸ் ஏஜென்ட், அதாவது வாங்குபவரின் ஏஜென்ட் என்ற தொழில் பரவலாக வேர்பிடித்தது அதற்கு அப்புறம்தான்.

சப்ஏஜென்சி இப்போது அரிது. ஆனால் முதல் சந்திப்பில் ஏஜென்ட் நீட்டுகிற அந்த ஒற்றைப் பக்க அறிவிப்புப் படிவம் அதன் மிச்சம். டெக்சாஸில் புரோக்கரேஜ் சேவைகள் பற்றிய தகவல் தாள் என்றும், நியூயார்க்கில் ஏஜென்சி அறிவிப்புப் படிவம் என்றும், வேறு இடங்களில் வேறு பெயரிலும் வரும். அது ஒப்பந்தம் இல்லை. அதில் போடும் கையெழுத்துக்குப் "படித்தேன்" என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அந்தத் தாளையும் பல பக்க ஒப்பந்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்புவதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

## வகைகள்

### 1. லிஸ்டிங் ஏஜென்டோடு நேராகப் பேசுவது

வீட்டு வாசலில் நட்டிருக்கும் பலகையில் இருக்கும் எண்ணை அழைக்கிறீர்கள். பேசுபவர் விற்பவரின் ஏஜென்ட். நீங்கள் கஸ்டமர். அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் 4,90,000 என்பதை அவரிடம் சொல்வதும் விற்பவரிடம் சொல்வதும் ஒன்றுதான். இங்கே யோசிக்க வேறொன்றும் இல்லை.

### 2. பையர்ஸ் ஏஜென்ட்

எழுத்து ஒப்பந்தத்தின் மூலம் உங்களுக்காக மட்டும் வேலை செய்பவர். மேலே சொன்ன ஆறு கடமைகளும் உங்களுக்கே. எண் அவரிடம் பத்திரம். அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளின் விலையை ஒப்பிட்டு எவ்வளவு கேட்கலாம் என்று சொல்வது, வாங்கும் முன் வீட்டைப் பரிசோதித்த ஆய்வறிக்கையில் வந்த குறைகளைக் காட்டி விலையைக் குறைக்க வாதாடுவது, "இந்த வீடு வேண்டாம்" என்று தடுப்பது எல்லாம் அவர் வேலை.

இதில் எக்ஸ்க்ளூசிவ் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இரண்டும் சம்பந்தமே இல்லாதவை.

ஒன்று, எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம். குறிப்பிட்ட காலத்துக்கு வேறு ஏஜென்ட் மூலம் வாங்க மாட்டேன் என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. கட்டுப்படுவது நீங்கள்.

இரண்டு, எக்ஸ்க்ளூசிவ் பையர் ஏஜென்ட். விற்பவர்களின் வீடுகளைப் பட்டியலிடவே மாட்டோம், வாங்குபவர்களை மட்டும்தான் எடுப்போம் என்று நடத்தப்படும் நிறுவனம். இங்கே கட்டுப்படுவது அவர்கள். நிறுவனத்துக்குள் விற்பவர் என்ற கிளையன்டே இல்லாததால் அடுத்து வரப்போகிற சிக்கல் அங்கே எழவே வாய்ப்பில்லை. இப்படிப்பட்ட நிறுவனங்கள் எண்ணிக்கையில் குறைவு, பல ஊர்களில் கிடைப்பதே இல்லை. விளம்பரத்தில் எக்ஸ்க்ளூசிவ் என்று பார்த்ததும் இதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். "உங்கள் புரோக்கரேஜ் லிஸ்டிங் எடுக்குமா?" என்று கேட்டால் ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

### 3. டூயல் ஏஜென்சி

உங்கள் ஏஜென்ட் காட்டும் இருபது வீடுகளில் ஒன்று, அவரே விற்பனைக்கு எடுத்த வீடாக இருக்கிறது. அல்லது அவர் நிறுவனத்தின் வேறொரு ஏஜென்ட் எடுத்தது. ஒப்பந்தம் நிறுவனத்தோடுதான் என்று முன்பே பார்த்தோம். ஆகவே ஒரே நிறுவனம் இப்போது இரு தரப்புக்கும் ஏஜென்ட்.

ஆறு கடமைகளையும் இரு பக்கமும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியுமா? முடியாது. விற்பவருக்கு விசுவாசம் என்றால் உங்கள் 4,90,000ஐச் சொல்ல வேண்டும், உங்களுக்கு விசுவாசம் என்றால் மறைக்க வேண்டும். அதனால் சட்டம் ஒரு சமரசம் செய்கிறது. இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால், ஏஜென்ட் இருவரின் விலை ரகசியத்தையும் காத்துக்கொண்டு, இருவருக்கும் வாதாடாமல் நடுவில் நிற்கலாம். அதாவது எண் வெளியே போகாது. ஆனால் "எவ்வளவு கேட்கட்டும்?" என்ற உங்கள் கேள்விக்கும் பதில் வராது. ஏஜென்டை நீங்கள் வைத்துக்கொண்டதே அந்தப் பதிலுக்காகத்தான்.

டூயல் ஏஜென்ட் விலையை ஏற்றிவிடுவார் என்றுதான் பொதுவாகப் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கமிஷன் ஒரு பக்கத்துக்கு 2.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 4,75,000 டாலர் வீட்டில் ஒரு பக்கம் 11,875 டாலர், இரு பக்கமும் சேர்ந்தால் 23,750. விலை 10,000 டாலர் கூடினால் நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 500. ஆய்வில் அஸ்திவாரத்தில் விரிசல் தெரிந்து நீங்கள் பின்வாங்கினால் போவது முழு 23,750. ஆகவே அவருடைய ஆசை விலை ஏறுவதில் பெரிதாக இல்லை, பேரம் எப்படியாவது முடிய வேண்டும் என்பதில்தான். "இந்த வயசு வீட்டில் இதெல்லாம் சகஜம்" என்ற வாக்கியம் எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தால் போதும்.

இதே கணக்கு சாதாரண பையர்ஸ் ஏஜென்டுக்கும் பாதி அளவில் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீடு வாங்கினால்தான் அவருக்கும் பணம். சட்டம் விசுவாசத்தைக் கட்டாயமாக்கும், ஆனால் பணத்தின் இழுப்பை மாற்றாது.

ஃப்ளாரிடா, கொலராடோ, கான்சஸ் போன்ற மாநிலங்கள் டூயல் ஏஜென்சியைத் தடை செய்திருக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்றவை எழுத்துச் சம்மதத்தோடு அனுமதிக்கின்றன. டெக்சாஸ் இடைநிலையாளர் என்ற தனிப் பெயரும் தனி விதியும் வைத்திருக்கிறது. புரோக்கர் இரு தரப்புக்கும் நடுவில் நின்று, ஒவ்வொரு தரப்புக்கும் ஆலோசனை சொல்லத் தன் நிறுவனத்திலிருந்தே வெவ்வேறு ஏஜென்டை நியமிக்கலாம்.

### 4. டெசிக்னேட்டட் ஏஜென்ட்

பெரிய நிறுவனங்கள் கண்டுபிடித்த வழி இது. நூற்றுக்கணக்கான ஏஜென்டுகள் இருக்கும் நிறுவனத்தில், ஊரின் ஒரு மூலையில் இருப்பவர் விற்பவரையும் மறு மூலையில் இருப்பவர் உங்களையும் எடுத்திருக்கலாம். ஒருவருக்கொருவர் முகம்கூடத் தெரியாது. அப்போது நிறுவனம் ஒருவரை உங்களுக்கென்றும் இன்னொருவரை விற்பவருக்கென்றும் நியமிக்கும். உங்கள் ஏஜென்ட் உங்களுக்கு முழுமையாக வாதாடலாம். மேலே உள்ள புரோக்கர் மட்டும் நடுநிலை.

எண் பத்திரமா? விதிப்படி பத்திரம். நடைமுறையில், இருவரும் ஒரே அலுவலகத்தில் ஒரே கோப்பு அமைப்பைப் பயன்படுத்துகிறவர்களா, ஒரே குழுவில் இருப்பவர்களா என்பதைப் பொறுத்தது. இன்று பல ஏஜென்டுகள் குழுவாக வேலை செய்கிறார்கள், குழுத் தலைவருக்கு இரண்டு பக்கப் பணத்திலும் பங்கு போகும். அங்கே நியமனம் என்பது காகிதத்தோடு நின்றுவிடக்கூடும்.

மாநிலம் மாறினால் இந்தப் பாதுகாப்பும் எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு வழக்கு. கலிஃபோர்னியாவின் மாலிபு பகுதியில் 2007இல் ஒரு மாளிகை கைமாறியது. விளம்பரத்தில் வாழுமிடம் சுமார் 15,000 சதுர அடி என்று போட்டிருந்தார்கள். கட்டட அனுமதி ஆவணத்தில் பிரதான வீட்டுக்குப் பத்தாயிரம் சதுர அடிக்கும் குறைவாகவே இருந்தது. இந்த வித்தியாசம் வாங்கியவருக்குப் பிறகுதான் தெரிந்தது. விற்பவரின் ஏஜென்டும் வாங்குபவரின் ஏஜென்டும் ஒரே பெரிய நிறுவனத்தின் வெவ்வேறு அலுவலகங்களைச் சேர்ந்தவர்கள். "நான் விற்பவரின் ஏஜென்ட் மட்டுமே, வாங்கியவருக்கு எனக்குக் கடமை இல்லை" என்பது அந்த லிஸ்டிங் ஏஜென்டின் வாதம். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2016இல் அதை ஏற்கவில்லை. நிறுவனம் இரு தரப்புக்கும் ஏஜென்ட் என்றால், அதன் கீழ் வேலை செய்பவரும் வீட்டின் விலையைப் பாதிக்கும் தகவல்களை வாங்குபவருக்கு ஆராய்ந்து சொல்லக் கடமைப்பட்டவர்தான் என்று தீர்ப்பளித்தது.

ஆக, அங்கே ஒரே நிறுவனம் என்றால் டூயல் ஏஜென்சிதான், எத்தனை ஏஜென்டுகள் இருந்தாலும். டெசிக்னேட்டட் முறையைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கும் மாநிலங்களில் இதே நிலைமைக்கு வேறு விடை கிடைக்கும். ஒரு மாநிலத்தில் வீடு வாங்கிய அனுபவத்தை வைத்து இன்னொரு மாநிலத்தில் இருப்பவருக்கு அறிவுரை சொல்வது ஆபத்து என்பது இதனால்தான்.

### 5. டிரான்சாக்‌ஷன் புரோக்கர்

யாருடைய ஆளும் இல்லாமல் பரிவர்த்தனையை நடத்திக் கொடுப்பவர். படிவம், தேதி, பணப் பரிமாற்றம் எல்லாம் சரியாக நடக்கும்படி பார்ப்பார், நேர்மையாக இருப்பார், யாருக்காகவும் வாதாட மாட்டார்.

இது ஏதோ விசேஷ ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். ஃப்ளாரிடாவில், வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் எல்லா ஏஜென்டுகளும் டிரான்சாக்‌ஷன் புரோக்கர்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. கொலராடோவிலும் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் இதே நிலைதான். "எனக்கு ஒரு நல்ல ஏஜென்ட் கிடைத்திருக்கிறார்" என்று ஆர்லாண்டோவில் ஒருவர் சொன்னால், அவருக்குச் சட்டப்படி ஏஜென்டே இல்லாமல் இருக்கலாம்.

எண்? ஃப்ளாரிடா சட்டம் வரையறுக்கப்பட்ட ரகசியம் என்று ஒன்றைக் கொடுக்கிறது. எழுத்தில் கொடுத்த விலையை விட நீங்கள் அதிகம் தரத் தயார் என்பதையோ, விற்பவர் குறைத்துக்கொள்ளத் தயார் என்பதையோ அவர் வெளியிடக் கூடாது. ஆக எண் பத்திரம். விசுவாசம்தான் இல்லை. முழு விசுவாசம் வேண்டுமென்றால் சிங்கிள் ஏஜென்ட் என்ற வகையைக் கேட்டு, அதற்கான அறிவிப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

### 6. யாரும் இல்லாமல்

நீங்களே உங்களுக்கு. சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ரியல் எஸ்டேட் வழக்கறிஞர் ஒருவரை ஒப்பந்தத்தைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வோர் உண்டு. நியூயார்க் போன்ற இடங்களில் எப்படியும் வழக்கறிஞர் வருவார். வட்டார விலை நிலவரமும் ஆய்வறிக்கையும் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவருக்கு இது சரிப்படும். முதல் வீடு வாங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## 2024இல் என்ன மாறியது

பல காலமாக நடைமுறை இப்படி இருந்தது. விற்பவர் தன் புரோக்கருக்கு விலையில் 5 அல்லது 6 சதவீதம் தருவார். அதில் ஏறக்குறைய பாதியை வாங்குபவரின் புரோக்கருக்குத் தருவதாக எம்.எல்.எஸ்.சில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். "ஏஜென்டுக்கு ஒரு காசு கொடுக்கலை" என்று நண்பர் சொன்னதன் பின்னணி இதுதான். அந்தப் பணம் வீட்டு விலைக்குள் இருந்தது, தனியாகக் கண்ணில் படவில்லை.

மிசௌரியில் வீடு விற்றவர்கள் சிலர், எதிர்த்தரப்பின் ஏஜென்டுக்கும் நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2023 அக்டோபர் 31 அன்று அதே மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் நடுவர் குழு ரியல்ட்டர்கள் சங்கத்துக்கும் சில பெரிய நிறுவனங்களுக்கும் எதிராக ஏறக்குறைய 180 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. நடைமுறை மாற்றங்கள் ஆகஸ்ட் 17 முதல் அமலாகின, நீதிமன்றத்தின் இறுதி ஒப்புதல் நவம்பரில் கிடைத்தது. வழக்குப் போட்டது விற்றவர்கள், புதிதாகக் கையெழுத்துப் போடுவது வாங்குபவர்கள். விந்தைதான்.

மாற்றங்கள் இரண்டு. வாங்குபவரின் ஏஜென்டுக்கு இவ்வளவு தருவோம் என்று இனி எம்.எல்.எஸ்.சில் போடக் கூடாது. எம்.எல்.எஸ்.சில் இருக்கும் ஏஜென்ட் உங்களோடு எழுத்து ஒப்பந்தம் போடாமல், நேரிலோ நேரலை வீடியோவிலோ வீடு காட்டக் கூடாது. அந்த ஒப்பந்தத்தில்:

1. ஏஜென்டின் கட்டணம் தெளிவாக, கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.
2. "விற்பவர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவு" என்று முடிவில்லாமல் எழுதக் கூடாது. நிலையான தொகை, சதவீதம், மணிக்கட்டணம் என்று கணக்கிடக்கூடியதாக இருக்க வேண்டும்.
3. யாரிடமிருந்து வந்தாலும் அதற்கு மேல் அவர் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது.
4. கமிஷனைச் சட்டம் நிர்ணயிப்பதில்லை, முழுக்கப் பேசி முடிவு செய்யக்கூடியது என்ற வாசகம் இருக்க வேண்டும்.

விற்பவர் இனி தரவே மாட்டார் என்று பொருளில்லை. எம்.எல்.எஸ்.சுக்கு வெளியே பேசித் தரலாம், நீங்கள் விலை கேட்டு எழுதும்போதே "என் ஏஜென்டின் கட்டணத்தை விற்பவர் தர வேண்டும்" என்று நிபந்தனையாக வைக்கலாம். ஆனால் வித்தியாசம் உங்கள் தலையில் விழும். ஒப்பந்தத்தில் 2.5 சதவீதம் எழுதியிருக்கிறீர்கள், விற்பவர் 2 சதவீதம்தான் தருகிறார் என்றால், 4,75,000 டாலர் வீட்டில் மீதி 2,375 டாலர் நீங்கள் தர வேண்டியது. இதைப் பொதுவாக வீட்டுக் கடனோடு சேர்க்க முடியாது, கையிருப்பிலிருந்து போக வேண்டும். முன்பணத்துக்கும் பதிவுச் செலவுக்கும் காசு எண்ணி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

## ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்

காலம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று அச்சிட்டே வரும். ஏஜென்டை இன்னும் தெரியாத நிலையில் அது அதிகம். ஒரே ஒரு வீட்டுக்கு, அல்லது ஒரு வாரத்துக்கு என்று போட்டுத் தரும்படி கேட்கலாம், விதி அதைத் தடுக்கவில்லை. கலிஃபோர்னியாவில் 2025 முதல் தனிநபர் வாங்குநரோடு மூன்று மாதத்துக்கு மேல் போடக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

பரப்பு. மாநிலம் முழுவதும் என்று இருந்தால், நீங்கள் வேறு ஊரில் வேறு ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் இவருக்குக் கட்டணம் கேட்க உரிமை வரக்கூடும். தேடுகிற மாவட்டத்தோடு நிறுத்துங்கள்.

வால் பகுதி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் 60, 90 நாள் என்று ஒரு பாதுகாப்புக் காலம் இருக்கும். அவர் காட்டிய வீட்டை அந்தக் காலத்துக்குள் வாங்கினால் கட்டணம் உண்டு. இது நியாயமான விதிதான். ஆனால் அவர் காட்டிய வீடுகளின் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்து வாங்கிய எந்த வீட்டுக்கும் சர்ச்சை கிளம்பலாம்.

முன்கூட்டிய சம்மதம். பெரும்பாலோர் கவனிக்காமல் தாண்டுவது இதைத்தான். டூயல் ஏஜென்சி நேர்ந்தால் சம்மதம் என்று ஒரு கட்டம், பக்கத்தில் முதலெழுத்துப் போட இடம். வீடே இன்னும் தெரியாதபோது நீங்கள் கொடுக்கும் சம்மதம் அது. "இப்போது வேண்டாம், அப்படி ஒரு வீடு வந்தால் அப்போது முடிவு செய்கிறேன்" என்று காலியாக விடலாம், அல்லது மறுக்கலாம். அப்படி ஒரு வீடு வந்தால் ஒப்பந்தத்திலிருந்து விலகி வேறு ஏஜென்டை வைத்துக்கொள்ளும் உரிமையையும் எழுதி வாங்கலாம். கட்டணத்தைப் பேரம் பேசுவதில் காட்டும் தீவிரத்தில் பாதியை இந்தக் கட்டத்தில் காட்டினால் நல்லது.

விலகும் வழி. எத்தனை நாள் முன்னறிவிப்பு, அபராதம் உண்டா என்று பாருங்கள்.

## ஒப்பந்தம் போடும் முன்பே நழுவிப்போகும் இரண்டு இடங்கள்

புது வீடு கட்டி விற்கும் பில்டரின் மாதிரி வீட்டில் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர் பில்டரின் ஆள். பல பில்டர்கள், உங்கள் ஏஜென்ட் முதல் வருகையிலேயே உடன் வந்து பதிவு செய்திருந்தால்தான் அவருக்குக் கட்டணம் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சும்மா போகிற வழியில் எட்டிப் பார்த்து, வரவேற்பு மேசையில் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு ஏஜென்டைக் கூட்டிவந்தாலும் "நீங்கள் முதலில் தனியாக வந்தீர்களே" என்ற பதில் வரலாம். ஏஜென்டோடு ஒப்பந்தம் இருந்தால் அந்தக் கட்டணம் உங்களிடம் திரும்பும்.

இன்னொன்று ஓப்பன் ஹவுஸ், அதாவது யார் வேண்டுமானாலும் வந்து பார்க்க வீட்டைத் திறந்து வைக்கும் நேரம். இதற்குப் போக ஒப்பந்தம் தேவையில்லை, 2024 விதி அதைத் தொடவில்லை. கதவருகே இருக்கும் பதிவுத் தாளில் பெயர், தொலைபேசி எண், அப்புறம் "ஏஜென்ட் உண்டா?" என்று ஒரு பத்தி இருக்கும். உண்டென்றால் அவர் பெயரை எழுதுங்கள். இல்லையென்றால் காலியாக விடலாம், அங்கே நிற்பவர் உடனே உதவ முன்வருவார். அவர் பெரும்பாலும் விற்பவரின் ஏஜென்ட். சமையலறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டே மிகச் சாதாரணமாக, "எவ்வளவு வரைக்கும் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு?" என்று கேட்பார். "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு மாடியைப் பார்க்கப் போய்விடலாம்.